றிஷியின் வீட்டுக்கு இன்னும் நாற்பத்தொரு கல்

புதிதாக ஸ்கூல் வேன் ஓட்ட வந்திருக்கிற நீங்கள் மூன்று பேர், போன மாதம் ஒருவர் பின் ஒருவராக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். வேனுக்குள் பிள்ளைகளைப் போனில் கேம் விளையாட விடலாமா, கூடாதா? ஒருவருக்கு விடு என்றேன். ஒருவருக்கு விடாதே என்றேன். மூன்றாமவருக்கு ஏதோ மழுப்பிவிட்டு, பிளேன்டீயை அவசரமாகக் குடித்துவிட்டு எழும்பிப் போனேன். பிறகு மூன்று பேரும் ஒன்றாய் இருந்து கதைத்திருப்பீர்கள். 'அண்ணைக்குத் தலை கழண்டுபோச்சு' என்று ஒருவராவது சொல்லியிருப்பீர்கள்.

கழலவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான். வேனை விற்று இரண்டு வருடமாகிறது. இன்னமும் பின்னேரம் ஒன்றரை மணியானால் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. அதனால் எழுதித் தருகிறேன். ரூட், டயர், பிரேக் பற்றி இதில் ஒன்றும் இல்லை. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளைப் பற்றியும் நான் எங்கும் போய்ப் படித்தவனில்லை. படித்தது எல்லாம் டிரைவருக்கு மேலே தொங்குகிற அந்தச் சின்னக் கண்ணாடியில்தான்.

எனக்கு முன் இந்த ரூட்டை ஓட்டியவர் ஒரு வாயாடி. மட்டக்குளியில் தொடங்கி, கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போகிற ரூட். அவர் கையளித்தபோது ஒன்று சொன்னார்: "இதுகள் கத்துறது உமக்குத் தலையிடியா இருக்கும். எனக்கு அது தூக்கம் வராமப் பாக்கிற மருந்து. மருந்தை நிப்பாட்டிப் போடாதையும்." நான் சிரித்தேன். பிறகு, கொரோனாக் காலத்து வகுப்புகளுக்காக வாங்கின பழைய போன்கள் ஒவ்வொன்றாகப் பிள்ளைகளின் கைக்கு வந்தன. டியூஷன் விட்டு வரும்போது அம்மாவுக்கு அழைக்க வேண்டும் என்பது காரணம். பாடசாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஆகவே கேற்றடியில் இறங்கும்போது என் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டுப் போவார்கள், பின்னேரம் ஏறும்போது எடுத்துக்கொள்வார்கள். டின்னைப் பூட்டி நான் வைத்திருப்பேன்.

அப்படித்தான் மருந்து நின்றது. பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு சத்தமில்லை. காலி வீதியில் முக்கால் மணித்தியாலம் நெரிசலில் நின்றாலும் ஒருவரும் 'அங்கிள் பசிக்குது' என்று சொல்வதில்லை. தாய்மார், "அண்ணை, உங்கட வேன்ல பிள்ளையள் என்ன அமைதி" என்று மெச்சினார்கள். நானும் ஏதோ என் கண்டிப்பால் வந்தது போலத் தலையை ஆட்டினேன். என் முதல் பிழையை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அமைதியாக இருந்தது எனக்கு வசதி. பிள்ளைகளுக்கு நல்லதா கெட்டதா என்று ஒரு நாளும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்க்க வைத்தது மெர்லின்.

அந்த வருடம் தை மாதம் புதிதாக ஏறினாள். தரம் ஐந்து, புலமைப்பரிசில் பரீட்சை வருடம். தகப்பன் கட்டாரில். தாய் மன்னாரிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்து, புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார். காலையில் கடைசியாக ஏறுகிற பிள்ளை என்பதால் மெர்லினுக்குக் கிடைத்தது என்ஜின் சீட். என் பழைய வேனில் எனக்குப் பக்கத்தில், என்ஜின் மூடிக்கு மேலே போட்ட சின்ன இருக்கை. சூடாக இருக்கும். புதிய பிள்ளைக்கு அதுதான் என்பது எல்லா வேனிலும் உள்ள சட்டம்.

ஒரு மாதம் அவள் என்னோடு கதைத்தது இரண்டு சொல். ஓம், இல்லை. பாடசாலையிலும் அப்படித்தானாம். கேட்டால் பதில் சொல்கிறாள் இல்லை, கணக்கு வராது, பிள்ளை மந்தம் என்று வகுப்பு மிஸ் சொல்லிவிட்டதாகத் தாய் ஒருநாள் ஜன்னலில் கைவைத்துக்கொண்டு கலங்கினார்.

பின்னால் ஒரு கூட்டம் இருந்தது. அதற்குத் தலைவன் அஸ்மி, கிராண்ட்பாஸ் பிள்ளை, தரம் ஒன்பது. சின்னவர்களுக்கு 'நானா', அதாவது அண்ணன். அவனுடைய போனில் ஓர் உலகம் இருந்தது. எல்லாம் சதுரக் கற்களால் ஆன உலகம். மரம் வெட்டலாம், மலை தோண்டலாம், வீடு கட்டலாம். மற்றப் பிள்ளைகள் தங்கள் போனிலிருந்து அதற்குள் போவார்கள். ஆனால் அஸ்மி தன் போனைத் திறந்து பக்கத்தில் இருந்தால்தான் போகலாம். ஆகவே அந்த உலகம் வேனுக்குள் மட்டும்தான் உயிரோடு இருந்தது. வீட்டுக்குப் போனால் ஒருவருக்கும் இல்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் அஸ்மி கத்தினான்: "என்ஜின் சீட்டு, போன் ஈக்குதானே. நீயும் வா."

என்ஜின் சீட்டில் இருந்தபடியே அவளும் அந்த உலகத்துக்குள் போனாள். நான் ஓட்டிக்கொண்டு, சிவப்பு விளக்கு விழுந்த இடங்களில் எல்லாம் ஓரக்கண்ணால் அவளுடைய போனைப் பார்ப்பேன். ஒரு வாரம் கழிந்திருக்கும். பின்னால் நாலு பேர் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போட அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். கல் போதவில்லை, நீதான் வீணாக்கினாய் என்று ஒரே சண்டை. மெர்லின் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அகலம் மூண்டு போதும். ஆறு பதினெட்டு. ஐம்பத்திநாலு கல்லு. ஆளுக்குப் பதினாலு கொண்டாங்கோ, ரெண்டு மிஞ்சும்."

"இவ ஆரு, பாலம் கட்டுற கொந்துறாத்துக்காரியா?" என்றான் ஒருவன். பாலம் போட்டார்கள். இரண்டு கல் மிஞ்சியது.

எனக்குப் பச்சை விளக்கு விழுந்ததே தெரியவில்லை, பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்துத்தான் எடுத்தேன். கணக்கு வராத பிள்ளை என்றல்லவா சொன்னார்கள். அன்றிலிருந்து அவள் வாய் மெல்ல மெல்லத் திறந்தது. ஒரு சிங்களப் பிள்ளையும் கூட்டத்தில் இருந்தான். அவனுக்காக "மல்லி, மெஹெ எண்ட, மெஹெ எண்ட" என்று, தம்பி இங்கே வா எனச் சிங்களத்தில் கூப்பிடவும் பழகிவிட்டாள். மன்னாரிலிருந்து வரும்போது ஒரு சொல் சிங்களம் தெரியாதவள்.

இதோடு நிறுத்தினால் உங்களுக்கு நல்ல பதில் கிடைத்துவிடும். விடுங்கள், விளையாடட்டும் என்று எழுதி ஒப்பமும் வைத்திருப்பேன். ஆனால் நடந்தது அதோடு நிற்கவில்லை.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம், காலிமுகத்திடலைத் தாண்டும்போது றிஷி வீரிட்டான். றிஷி தரம் மூன்று, மட்டக்குளி, கூட்டத்தில் ஆகச் சின்னவன். அந்த உலகத்தில் மரத்தால் ஒரு வீடு கட்டியிருந்தான். மூன்று வாரப் பாடு. மெர்லின் அதற்கு நெருப்பு வைத்துவிட்டாள்.

வேனை ஓரம் கட்டி, "ஏன் பிள்ளை அப்பிடிச் செய்தனீர்?" என்று கேட்டேன்.

"எரியுமா எண்டு பாத்தனான்."

அதில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. றிஷி மட்டக்குளி வரை விக்கி விக்கி அழுதான். வாசலில் நின்ற தாய் பார்த்துவிட்டார். அன்று பொழுதுபடுவதற்குள் தாய்மாரின் வட்ஸ்அப் குழுவில் பெரிய விசாரணை. போனால் பிள்ளைகள் நாசமாகிறார்கள், வேன் அங்கிள் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று. மெர்லினின் தாயும் அதில் எழுதினார்: "எல்லாத்துக்கும் இந்தப் போன்தான் காரணம். தயவுசெய்து நிப்பாட்டுங்கோ."

எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் நம் ஆட்கள் என்ன செய்வோம்? சட்டம் போடுவோம். ஆறு நாள் யோசித்தேன் என்று பெயர். உண்மையில் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த புதன்கிழமை காலை, போன்களை ஏறும்போதே டின்னுக்குள் வாங்கினேன். இனிப் பின்னேரம் அவரவர் வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கிடைக்கும் என்று அறிவித்தேன். குழுவிலும் எழுதினேன், என்ன நடந்தாலும் வேனுக்குள் போன் திறக்கப்படாது என்று சத்தியம் மாதிரி. தாய்மார் கும்பிடுகிற கை, சிவப்பு இதயம் எல்லாம் அனுப்பினார்கள்.

பின்னால் ஒரே கூச்சல். மெர்லின் மட்டும் கூச்சல் போடவில்லை. டின்னில் போனைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கேட்காமல் அவளாக என்னிடம் சொன்ன முதல் வசனம் அதுதான்.

"அங்கிள், இன்னும் முடியேல்ல."

"முடிஞ்சுது பிள்ளை. எல்லாம் முடிஞ்சுது" என்றேன்.

என்ன முடியவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்க எடுக்கிற நேரம் அரை நிமிடம். கேட்டிருந்தால் அஸ்மி சொல்லியிருப்பான். பிறகு சொன்னான். நெருப்பு வைத்த அடுத்த நாளே அவர்களுக்குள் ஒரு தீர்ப்பு நடந்திருக்கிறது. மெர்லின் அந்த வீட்டைத் திரும்பக் கட்டிக் கொடுக்க வேண்டும், இந்த முறை எரியாத கல்லில். தனியாக, ஒருவரும் உதவக் கூடாது. முடியும்வரை கூட்டத்தோடு எங்கும் போக முடியாது. முடித்தால் பழையபடி சேர்த்துக்கொள்வது. அவளும் சம்மதித்துக் கட்டத் தொடங்கியிருக்கிறாள். வெள்ளி, திங்கள், செவ்வாய் கட்டியாகிவிட்டது. வீடு பாதியில் நிற்கும்போது நான் உலகத்தைப் பூட்டிவிட்டேன்.

நான் வந்து தீர்க்க வேண்டிய பிரச்சினை இருந்தது என்று நினைத்தேன். பிள்ளைகள் அதைப் பாதி தீர்த்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த மூன்று வாரமும் வேன் கலகலவென்று இருந்தது. பொய் சொல்லக்கூடாது, நல்லதும் நடந்தது. பாட்டுப் படித்தார்கள், ஜன்னலால் கடலைப் பார்த்தார்கள், கப்பல் எண்ணினார்கள். ஆனால் என்ஜின் சீட்டில் இருந்த பிள்ளைக்கு அதில் பங்கில்லை. வீடு முடியவில்லை, ஆகவே அவள் இன்னும் வீடெரித்தவள். அவள் ஏறும்போது "நெருப்பு வருது, தள்ளு தள்ளு" என்று பின்னால் இருந்து குரல் வரும். நான் அதட்டினேன். அதட்டினால் பிள்ளைகள் என்ன செய்யும்? மெதுவாகச் சொல்லும். திரும்பவும் ஓம், இல்லை. பிறகு அதுவும் இல்லை, தலையாட்டல்தான்.

தாய் ஒருநாள் காலையில் சொன்னார்: "அண்ணை, இந்த மாசத்தோட மெர்லினை வேனால நிப்பாட்டப் போறன். மன்னாருக்கு அக்காவிட்ட அனுப்புவம் எண்டு யோசிக்கிறன். இங்க ஆரோடயும் சேருறாளில்லை. ராவில நித்திரையிலயும் ஏதோ எண்ணிக்கொண்டு கிடக்கிறாள்." அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதும் ஆறுதல் சொல்லத் தோன்றியிருக்கும்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். உங்களுக்கு இது வேண்டும். என்றோ ஒருநாள் உங்களுக்கும் நடக்கும்.

ஒன்றே முக்கால். பதினொரு பிள்ளைகள் வேனில். மெர்லின் இல்லை. எனக்கு உதவிக்கு வருகிற அக்கா அன்று ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தார். கேற் காவலாளி, "சின்ன வகுப்பு எல்லாம் போயிட்டுது" என்கிறார். தாய்க்கு அழைத்தால் எடுக்கவில்லை. கடையில் வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துவிடுவார்களாம். பாடசாலை அலுவலகத்துக்கு அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது. நான் நின்ற இடமோ நிறுத்தவே கூடாத இடம். ஒரு போக்குவரத்துப் பொலிஸ்காரர் வந்து வேனின் பக்கத்தில் தட்டினார். "மே வேன் எக்க அயின் கரண்ட அங்கிள்." எடுங்கள் என்கிறார். எப்படி எடுப்பது, ஒரு பிள்ளை குறைகிறதே.

நம் தொழிலில் இரண்டு சட்டம். ஏறின பிள்ளையை வீட்டு வாசல் வரும்வரை நடுவழியில் இறக்கக் கூடாது. பிள்ளைகள் உள்ள வேனைப் பெரியவர் இல்லாமல் விடக் கூடாது. இரண்டும் சரியான சட்டம்தான். இரண்டையும் காப்பாற்றினால் மெர்லினைத் தேட முடியாது. காவலாளியை அனுப்பலாம் என்றால் அவர் கேற்றை விட்டு வரமாட்டார். வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது. வெளியே வெயில், வாகனம், அந்தப் பக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். என் மனம் போன இடங்களை இங்கே எழுத மாட்டேன்.

அஸ்மி முன்னுக்குத் தலையை நீட்டினான். "அங்கிள், அவ வெளிய போயிருக்க மாட்டா. கிளாஸ்லதான் ஈப்பா."

"உமக்கெப்பிடித் தெரியும்?"

"காலையில மிஸ் அவட கணக்குக் கொப்பிய பறிச்சிட்டாங்களாம். கொப்பி இல்லாம அவ வர மாட்டா."

"அதிலென்ன இருக்கு?"

றிஷிதான் பின்னாலிருந்து மெல்லச் சொன்னான். "என்ட வீடாம்."

எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. பொலிஸ்காரர் புத்தகத்தை எடுத்துவிட்டார். நான் என்ஜினை நிறுத்தி, திறப்பை எடுத்துக்கொண்டு, "எல்லாரும் இறங்குங்கோ" என்றேன்.

இருபத்தாறு வருடத்தில் அந்தச் சொல்லை நடு ரோட்டில் சொன்னது அன்று மட்டும்தான். பதினொரு பிள்ளைகளை ஒரு மனிசன் எப்படிக் கூட்டிப் போவது என்று நான் தடுமாற, அஸ்மி என்னைப் பார்க்கவேயில்லை. மற்றவர்களைப் பார்த்தான்.

"பெரியாக்கள் முன்னுக்கும் பின்னுக்கும். சின்னாக்கள் நடுவுல, சோடி சோடியா. றிஷி என்னோட. கடைசி ஆள் ஒவ்வொரு வளைவுலயும் எண்ணிச் சொல்லணும்."

ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. பாட்டுக் கூத்து என்று மூன்று வாரம் என் காதைப் புண்ணாக்கிய கூட்டம், கயிறு கட்டியது போல நடந்தது. கேற்றடியில் பின்னாலிருந்து குரல்: "பதினொண்டு." படிக்கட்டு வளைவில்: "பதினொண்டு."

"இது எங்க பழகினது?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"குகைக்குள்ள போறப்ப இப்படித்தான் அங்கிள். இல்லாட்டி ஒராள் துலைஞ்சுரும்."

இரண்டாம் மாடியில், பூட்டிய வகுப்புக் கதவில் முதுகைச் சாய்த்து, புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள் மெர்லின். ஏச வாயெடுத்தேன். றிஷி முந்திவிட்டான்.

"ஏன் வரேல்ல?"

"கொப்பி உள்ளுக்க."

"நாளைக்கு எடுக்கலாம்தானே."

"மிஸ் நாளைக்கு அம்மாவைக் கூப்பிடச் சொன்னவ. அம்மா கிழிச்சுப் போடுவா. கொப்பி இல்லாட்டி எதில விட்டனான் எண்டு மறந்துபோம்."

ஜன்னல் கம்பிக்குள்ளால் பார்த்தால், மேசையில் கொப்பி கிடக்கிறது. காவலாளி எங்கள் ஊர்வலத்தைப் பார்த்துப் பயந்து திறப்போடு பின்னால் ஓடி வந்திருந்தார். திறக்கச் சொன்னேன். ஆசிரியை பறித்து வைத்ததை எடுக்க எனக்கு என்ன உரிமை? ஒன்றும் இல்லை. ஒரு கடதாசியில் என் பெயரும் போன் நம்பரும் எழுதி, 'கொப்பியை நான்தான் எடுத்தேன், நாளை வந்து கதைக்கிறேன்' என்று மேசையில் வைத்தேன். தம்பிமாரே, சட்டத்தை மீறவேண்டி வந்தால் ஒளித்து மீறாதீர்கள். பெயரை எழுதிவிட்டு மீறுங்கள்.

சதுரக் கோடு போட்ட கணக்குக் கொப்பி. முன்பக்கம் பெருக்கல், வகுத்தல், சிவப்புப் பிழைகள். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் ஒரு வீடு. ஒரு சதுரம் ஒரு கல். ஒரு பக்கத்தில் முன்சுவர், மற்றதில் பின்சுவர், இன்னொன்றில் கூரை. கட்டிய கல்லுக்குள் பென்சிலால் நிரப்பியிருந்தாள், கட்டாத கல்லை வெறுமையாய் விட்டிருந்தாள். ஓரத்தில் கணக்கு. மூன்று வாரமாகக் கட்ட முடியாத வீட்டைத் தலைக்குள் வைத்து, ஒவ்வொரு நாளும் சரிபார்த்திருக்கிறாள். குறுக்கே சிவப்பு மையால் மிஸ் 'விளையாட்டு' என்று எழுதிக் கோடு இழுத்திருந்தார்.

றிஷி குனிந்து பார்த்தான். "இது என்ட வீடா?"

"ஓம்."

"எவ்வளவு மிச்சம்?"

"நாப்பத்தொண்டு."

திரும்பி வந்தபோது பொலிஸ்காரர் தண்டச் சீட்டை எழுதி முடித்திருந்தார். வரிசையையும், கடைசியில் அழுத முகத்தோடு வந்த பிள்ளையையும் பார்த்தார். "ளமயா ஹம்புனாத?" பிள்ளை கிடைத்ததா என்கிறார். ஓம் என்றேன். சீட்டை என் கையில் தந்துவிட்டு, எங்களை எடுத்துவிடத் தானே வாகனங்களை மறித்தார்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் திருப்பவில்லை. கடற்கரைப் பக்கமாகப் போய் நிழல் உள்ள இடத்தில் நிறுத்தி, டின்னைத் திறந்தேன். என்ன நடந்தாலும் திறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவன். மூன்று போனை மட்டும் எடுத்தேன். அஸ்மிக்கு, மெர்லினுக்கு, றிஷிக்கு. அவர்கள் தொடங்க, நான் இறங்கிப்போய் ஒவ்வொரு வீட்டுக்கும் அழைத்து, பிந்தும் என்றும் ஏன் பிந்துகிறது என்றும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மெர்லினின் தாய் மட்டும் இன்னமும் எடுக்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் மற்ற ஒன்பது பேரும் என்ஜின் சீட்டைச் சுற்றித் தொங்கிக்கொண்டு எண்ணுகிறார்கள். "பதினஞ்சு... பதினாறு... பதினேழு." பதினெட்டாவது கல்லை வைத்தது மெர்லின் இல்லை.

"டேய்" என்றான் அஸ்மி. "அவதான் கட்டணும். தனிய. அதான் பேச்சு."

"என்ட வீடு" என்றான் றிஷி. "நான் கட்டுவன்."

வீட்டுக்காரனே கட்டக் கூடாது என்று அஸ்மியின் சட்டத்தில் இருக்கவில்லை. இரண்டு பேருமாகக் கட்டி முடித்தார்கள். முடிந்ததும் றிஷி உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். நாங்கள் எல்லாரும், நானும்தான், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஜன்னல் முந்தி இங்க இல்ல."

"மாத்தவா?" என்றாள் மெர்லின்.

அவன் அந்த ஜன்னலால் எட்டிப் பார்த்தான். "வேணாம். கடல் தெரியுது."

இதைப் படித்துவிட்டு, அப்போ விளையாட விடலாம் என்று முடிவெடுக்காதீர்கள். அடுத்த வருடம் அதே வேனில், காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு தனியாகச் சுட்டுச் சுட்டு விளையாடிய ஒரு பிள்ளை இருந்தான். வேன் அவன் வீட்டு வாசலில் நிற்பதுகூடத் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால், யாரோ அந்நியன் கூப்பிட்டது போலப் பார்ப்பான். அவனுக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்று வரை தெரியாது. போன் ஒன்றுதான். ஒருத்திக்கு அது வாயைத் திறந்தது, ஒருவனுக்கு மூடியது. யாரோடு விளையாடுகிறார்கள், சண்டை வந்தால் அதை யார் தீர்க்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லலாம். அதையும் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்றுதான் உறுதி. பிள்ளையின் கையிலிருந்து எதையாவது வாங்குவதற்கு முன், அது எதன் நடுவில் நிற்கிறது என்று கேளுங்கள். நான் கேட்காத அந்த அரை நிமிடத்துக்கு அவள் மூன்று வாரம் தனியே இருந்தாள்.

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். சத்தியத்தை மீறியதற்காக இரண்டு வீட்டார் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம்தான், நான் வாதாடவில்லை. மிஸ்ஸைப் போய்ப் பார்த்தேன். "எனக்கு நாப்பது பிள்ளை, அண்ணை. ஒவ்வொரு கொப்பியின்ட பின்பக்கமும் எப்பிடிப் பாக்கிறது?" என்றார். அதுவும் உண்மை. பின் கொப்பியை வாங்கி, ஓரத்தில் இருந்த கணக்கை விரலால் தொட்டுத் தொட்டு வெகுநேரம் பார்த்தார். மெர்லின் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் நின்றாள். அந்த வீட்டுக்குப் புள்ளி போட அங்கே யாரும் இல்லை.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம், நான் கொட்டாஞ்சேனை ஒழுங்கை முனைக்கு வேனைக் கொண்டுவந்தபோது இதொன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், மெர்லினின் தாய் வேலைச் சட்டையோடு, பாதித் தூரம் ஓடி வந்த மூச்சோடு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பதுதான். என் ஒன்பது அழைப்பையும் இப்போதுதான் பார்த்திருக்கிறார்.

நான் இறங்கினேன். "தங்கச்சி, பிள்ளை சுகமா இருக்கிறா. கடற்கரையில வேனை நிப்பாட்டிக் கேம் விளையாடினவ. போனைக் குடுத்தது நான்."

அவர் முகம் இறுகியது. என்னிடம் ஏதோ கேட்கத் திரும்பினார். அதற்குள் மெர்லின் கொப்பியை விரித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"அம்மா, இது முன்சுவர். இது றிஷியின்ட வீடு. நான்தான் எரிச்சனான், வேணுமெண்டு எரிச்சனான். இப்ப கட்டிக் குடுத்தாச்சு. நாப்பத்தொண்டு மிச்சமிருந்தது, அவனும் வைச்சவன், அஸ்மி நானா பேசினவர், அவன் கேக்கேல்ல. ஜன்னலை மாறி வைச்சிட்டன், பரவாயில்லை எண்டிட்டான். நாளைக்கு எல்லாருமா மலைக்கு அங்கால போறம். நான்தான் கல்லு எண்ணுறது."

நடைபாதையில் ஆட்கள் விலகி விலகிப் போனார்கள். வேனுக்குள் பதினொரு மூக்கு கண்ணாடியில் ஒட்டியிருந்தது. பக்கம் பக்கமாகத் திருப்பி, கூரை, பின்சுவர் என்று பிள்ளை சொல்லிக்கொண்டே போனாள். தாய் கொப்பியைப் பார்க்கவில்லை. பிள்ளையின் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வாரமாகக் காணாமற் போன ஒன்றைப் பார்ப்பது போல.

பிறகு என் பக்கம் திரும்பினார். என்ன ஏச்சுக்கும் நான் தயாராக இருந்தேன்.

"அடுத்த மாசமும் அதே நேரத்துக்குத்தானே வருவீங்க, அண்ணை?"